கண்ணுக்கு ஆக்சிஜன் விற்கிறார்கள்!

கண் சுவாசிக்குமா? சுவாசிக்கும்! கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவில் ரத்தக் குழாய்களே கிடையாது. இருந்தால் பார்வை மறைக்கும். அதனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கை அது காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலம் வழியாக நேரடியாக எடுத்துக் கொள்கிறது. தூங்கும்போது இமையின் உட்புற ரத்தக் குழாய்கள் கொடுக்கின்றன. காற்று புகாத பழைய காண்டாக்ட் லென்ஸ்களால் கார்னியா வீங்கியதும் இதனால்தான்.

இதுவரை சொன்னது உண்மை. இந்த உண்மையின் முதுகில் ஏறி ஒரு பொய் சவாரி செய்கிறது. "அடிபட்ட கண்ணுக்கு ஆக்சிஜன் தேவை, ஆகவே ஆக்சிஜன் சொட்டு விட்டால் ஆறிவிடும்" என்பதே அது.

ஒரு சின்ன கணக்கு. சுத்தமான ஆக்சிஜனையே செலுத்தினாலும் 1 லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 40 மில்லிகிராம். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர். அப்படியானால் ஒரு சொட்டில் இருப்பது ஒரு கிராமில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு! அதுவும் பாட்டிலைத் திறந்ததும் சோடாவில் இருந்து வாயு போவது போலப் போய்விடும். மிச்சம் கன்னத்தில் வழியும். கண்ணைத் திறந்து வைத்தாலே 21 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று இலவசமாகக் கிடைக்கிறதே, இதற்கு எதற்குக் காசு?

காசு போனால் பரவாயில்லை. 'ஆக்சிஜன்' என்ற பெயரில் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சர்வரோக நிவாரணி ஆக்குகிறார்கள். லென்ஸ் சுத்தம் செய்யும் 3 சதவீதக் கரைசலே, வீரியம் நீக்காமல் கண்ணில் பட்டால் எரித்துவிடும். 35 சதவீதக் கரைசலை மருந்தாக உட்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2006-லேயே எச்சரித்தது.

"ஆக்சிஜன் இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்பது அடுத்த வாதம். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவின்றி ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்வை இழந்தார்கள். 1951-ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்பெல் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார். அளவு தெரியாத மருந்து விஷம்தான்.

அப்படியென்றால் ஆக்சிஜனால் பயனே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. ரசாயனம் பட்ட கண்ணில் கார்னியாவின் விளிம்பிலுள்ள ரத்த ஓட்டம் நின்றுபோகும். அத்தகையவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு முகமூடி வழியே ஆக்சிஜன் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்த ஈரானிய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. பலன் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆனால் அது மிகச் சிறிய முதற்கட்ட ஆய்வு, மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. அதைக் காட்டிச் சொட்டு மருந்து விற்பது மோசடி இல்லாமல் வேறென்ன?

நம்மூரில் வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை பிதுக்குகிறது. பாக்கெட் வெடித்துச் சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கிறது. சுண்ணாம்பு கடுமையான காரம். செல்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது தேவை ஆக்சிஜன் இல்லை, தாய்ப்பால் இல்லை, விளக்கெண்ணெய் இல்லை. தண்ணீர்! குழாய்த் தண்ணீரானாலும் சரி, உடனே இமையை விரித்துக் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். பிறகு நேராகக் கண் மருத்துவமனை. இமைக்குள் ஒட்டிய துகள்களை எடுப்பது மருத்துவர் வேலை. (கூரான பொருள் குத்தியிருந்தால் மட்டும் கழுவவோ அழுத்தவோ கூடாது. கண்ணின் மேல் படாமல் ஒரு கப்பால் மூடி அழைத்துச் செல்ல வேண்டும்.)

சொட்டு மருந்தைத் தேடி ஓடும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தையின் பார்வை போய்விடலாம். சொட்டு விற்றவன் அதைத் திருப்பித் தருவானா?