தோட்டா சிக்கியது ஏன்?

எதிரி நிற்கிறான். சிப்பாய் விசையை இழுக்கிறான். துப்பாக்கி வெடிக்கவில்லை!

2003-ம் ஆண்டு ஈராக் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களை இந்த அச்சம் வாட்டியது. அவர்களிடம் இருந்தது "எம்-9" கைத்துப்பாக்கி. 1985-ல் ராணுவம் ஏற்ற ரகம். 15 தோட்டாக்கள் கொள்ளும்.

வேலை செய்வது எப்படி?

கைத்துப்பாக்கியின் பிடிக்குள் ஒரு இரும்புக் கூடு இருக்கும். அதுதான் மேகசின். தோட்டாக்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் ஓடும். அதில் உள்ள கொக்கி, காலித் தோட்டாவை இழுத்துவரும். அது வெளியே தெறித்து விழும். உடனே மேகசினில் உள்ள ஸ்பிரிங், அடுத்த தோட்டாவை மேலே தூக்கும். மேல்பாகம் முன்னால் திரும்பும்போது, அதைக் குழாய்க்குள் தள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்துவிடும்!

நாள்பட்ட துப்பாக்கியில் கொக்கி தேய்ந்தால் காலித் தோட்டா சிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் புதுத் தோட்டா ஏறாது.

குற்றவாளி யார்?

ஈராக்கில் குற்றம் மேகசினில் இருந்தது. ராணுவம் வாங்கிய சில மேகசின்களின் பூச்சு சொரசொரப்பானது. மாவு போன்ற பாலைவன மணல் அதில் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங்கால் தோட்டாவைத் தூக்க முடியவில்லை! பிறகு, மணல் ஒட்டாத வழுவழுப்பான மேகசின்கள் வந்தன.

2017 ஜனவரியில் ராணுவம் புதிய கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. அதற்கும் மேகசின் உண்டு. ஸ்பிரிங் உண்டு.

நல்ல துப்பாக்கி வாங்கினால் மட்டும் போதாது. மலிவான கூட்டையும் சோதித்து வாங்க வேண்டும். சிப்பாயின் உயிர் அதற்குள்தான் இருக்கிறது!