தொண்டை வலி... இன்னிக்கு எத்தனாவது நாள்?

ரூம்மேட் மூணு நாளா படுக்கையை விட்டு எழுந்திருக்கல. காய்ச்சல், கழுத்துல நெறி கட்டியிருக்கு, எச்சில் முழுங்கினாலே கண்ணுல தண்ணி. நீங்க என்ன செய்வீங்க? மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, "அண்ணே, தொண்டை வலிக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு ஒரு அட்டை அமாக்ஸிசிலின் வாங்கிட்டு வருவீங்க. அங்கேதான் வம்பே!

அது மோனோவா இருந்தா, அந்த மாத்திரையால உடம்பெல்லாம் செக்கச் செவேல்னு தடிப்பு வரலாம். பெரும்பாலும் அது நிரந்தர அலர்ஜி கிடையாது. ஆனா, அலர்ஜின்னு முத்திரை குத்திட்டா, பின்னாடி நிஜமாவே தேவைப்படும்போது அந்த மருந்தைக் கொடுக்க டாக்டர் யோசிப்பார்.

மோனோவைக் கொண்டு வர்றது பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ். வைரஸ்கிட்ட ஆன்டிபயாடிக் பாச்சா பலிக்காது. எச்சில் வழியா பரவறதால 'முத்த நோய்'னு பேர் வேற. (சிரிக்காதீங்க பாஸ்... ஒரே வாட்டர் பாட்டில்ல வாய் வெச்சுக் குடிச்சாலும் தொத்தும்!) நம்ம ஊர்ல பலருக்கும் சின்ன வயசுலயே சத்தமில்லாம வந்துட்டுப் போயிடும். அதனால டாக்டர் முதல்ல டைஃபாய்டு, டெங்குன்னு பார்ப்பார். தப்பில்லை.

சந்தேகம் வந்தா, ரத்தத்துல வெள்ளை அணுக்களை எண்ணுவாங்க. லிம்போசைட் பாதிக்கு மேல இருந்து, வெள்ளை அணுக்கள்ல 10 சதவிகிதத்துக்கு மேல கோணல்மாணல் லிம்போசைட்டா தெரிஞ்சா, மோனோ பக்கம் கை காட்டுதுன்னு அர்த்தம். அடுத்து மோனோஸ்பாட். உங்க ரத்தத்தைக் குதிரையோட சிவப்பணுக்களோட கலந்து, திட்டுத் திட்டா ஒட்டிக்குதான்னு பார்க்கிறது. குதிரை எங்கே வந்துச்சு? மோனோ வந்த உடம்பு, மிருகங்களோட சிவப்பணுக்களை ஒட்ட வைக்கிற ஒரு விநோத ஆன்டிபாடியை உண்டாக்குது. 1932-ல் பால், பன்னல்னு ரெண்டு டாக்டர்கள் ஆட்டு ரத்தத்தை வெச்சு இதைக் கண்டுபிடிச்சாங்க.

சிக்கல் என்னன்னா, அந்த ஆன்டிபாடி உருவாக நாளாகும். முதல் வாரத்துல டெஸ்ட் எடுத்தா, மோனோ இருக்கிற நாலு பேர்ல ஒருத்தருக்கு 'இல்லை'ன்னே வரலாம். அதனால 'ரிசல்ட் நெகட்டிவ்'னு கிரவுண்டுக்கு ஓடிடாதீங்க. தொண்டை வலி எந்தத் தேதியில ஆரம்பிச்சதுன்னு டாக்டர்கிட்ட கரெக்டா சொல்லுங்க. தேவைன்னா ஒரு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்வார்.

வீட்டுல நாலு வயசுக்குக் கீழே குட்டித் தம்பி, தங்கச்சி இருந்தா, அவங்களுக்கு மோனோஸ்பாட்டை நம்ப முடியாது. அந்த ஆன்டிபாடியே பல குழந்தைகளுக்கு வராது. வைரஸுக்குன்னே உருவாகிற ஆன்டிபாடிகளைத் தேடுவாங்க. வி.சி.ஏ. ஐ.ஜி.எம். இருந்தா புதுசு. ஈ.பி.என்.ஏ. இருந்தா பழைய கதை; அது தலைகாட்டவே ரெண்டு, மூணு மாசம் ஆகும்.

டாக்டர் இடது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பார். மண்ணீரல் வீங்கியிருக்கான்னு பார்க்கத்தான். வீங்கின மண்ணீரல் அடிபட்டா கிழியலாம், அபூர்வமா தானாவும். அந்த இடத்துல திடீர்னு சுரீர்னு வலிச்சா, நேரா கேஷுவாலிட்டி. மத்தபடி குறைஞ்சது மூணு வாரத்துக்குக் கபடி, ஃபுட்பால் கட். டிபார்ட்மென்ட் ஃபைனல்ஸா இருந்தாலும் சரி, கேப்டன்கிட்ட ரிப்போர்ட்டை நீட்டிடுங்க!