பற்றரிக் கட்டுக்கு எந்தப் பசை?

றிமோட் காரின் பற்றரிக் கட்டைத் தாமே செய்து பார்க்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது சுப்பர் குளூவைத்தான். எடுத்துக் கொடுக்குமுன் சற்று யோசியுங்கள்.

7.2 வோல்ற் கட்டில் 1.2 வோல்ற் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல்கள் 6 இருக்கும். கார் ஓடும்போது அவை குலுங்கும், சூடேறும். சார்ஜ் ஏற்றும்போதும் சூடேறும். சுப்பர் குளூ விரைவில் ஒட்டும். ஆனால் காய்ந்தால் வளையாது. அடிபட்டதும் பட்டென விட்டுவிடும். செல்கள் அசைந்தால் சோல்டர் இணைப்பும் முறியும். குளூ கன் பசையோ சூட்டில் இளகும். எபொக்சி உறுதியானதுதான், ஆனால் ஒரு செல் பழுதானால் பிரித்து மாற்றுவது பெரும்பாடு.

காய்ந்த பின்னும் றப்பர் போல் வளைகின்ற ஷூ கூ, ஈ6000 போன்ற பசைகளே பொருத்தமானவை. அவை முழுதாய் இறுக 1 முதல் 3 நாள் செல்லும். அதுவரை சோல்டர் வேலை வேண்டாம். ஆவி கூடாதது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டு விடயங்களை நீங்களே பாருங்கள். செல்லின் நேர்முனையில் வாயு வெளியேறும் துவாரம் உண்டு. அதைப் பசை மூடக்கூடாது. செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. உறை கிழிந்த செல் பக்கத்துச் செல்லில் பட்டால் ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பசை அதைத் தடுக்கும் என்று நம்பவேண்டாம். உறையை மாற்றச் சொல்லுங்கள்.

லித்தியம் பற்றரி என்றால் பிரிக்கவே விடாதீர்கள். பிள்ளையின் ஆர்வத்தைத் தடுக்க வேண்டியதில்லை; அருகில் இருந்தால் போதும்.