குழந்தைகளின் நரம்பு மண்டலமும் வீட்டிலுள்ள நஞ்சும்: பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

கிருமிநாசினி சுத்தத்தின் பெயரால் வீட்டுக்குள் வருகிறது. காரீயம் பாத்திரமாகவும் வண்ணப்பூச்சாகவும் பேட்டரியாகவும் வருகிறது. காரீயத்துக்கும் சில கிருமிநாசினிகளுக்கும் நரம்பைக் கெடுக்கும் தன்மை உண்டு. பெரியவரின் உடல் தாங்கிக்கொள்ளும் அளவு, வளரும் மூளையைச் சிதைத்துவிடலாம். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த குழு ஒன்று இந்த வேண்டுகோளை விடுப்பது அதனால்தான்.

கைக்குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் அதிகம். தடவுவது எளிதில் இரத்தத்தில் கலக்கும். பிரான்சில் 1972இல் விற்பனையான ஒரு குழந்தைப் பவுடரில், தொழிற்சாலையில் நேர்ந்த தவறால் ஹெக்சாகுளோரோஃபீன் என்னும் கிருமிநாசினி 6 விழுக்காட்டுக்கு மேல் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 36 பேர் இறந்தனர். இந்த வேதிப்பொருள் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறைக்குள் நீர் கோத்துக் குழிகளை உண்டாக்குகிறது, மூளை வீங்குகிறது.

நம் வீடுகளில் இதைவிடப் பழக்கமானது வெங்காரம். குழந்தையின் நாக்கில் மாவு படிந்தால் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெங்காரம் உடலுக்குள் போரிக் அமிலமாகிறது. அதுவும் பழைய கிருமிநாசினிதான். வெங்காரம் கலந்த தேனில் தோய்த்த ரப்பர் காம்பைச் சப்பிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததும், நிறுத்திய பின் வலிப்பு நின்றதும் 1970களிலும் 80களிலும் மருத்துவ இதழ்களில் பதிவாயின. பாட்டி கைப்பக்குவத்தின் மேலுள்ள மரியாதை குறைய வேண்டியதில்லை. இந்த ஒன்றை மட்டும் கைவிடும்படி ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. கையில் தடவும் கிருமிநாசினித் திரவத்தில் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் கலந்திருந்தால், அதைக் குடித்தவரின் பார்வை நரம்பே அழியக்கூடும். 2020இல் அமெரிக்காவில் அப்படிக் குடித்தவர்களில் சிலர் இறந்தனர், சிலர் பார்வை இழந்தனர். விவரச் சீட்டு இல்லாத புட்டியை வாங்கவே கூடாது.

காரீயம் செய்யும் கேடு மெதுவானது, ஆகவே கண்ணில் படாதது. அது கால்சியத்தின் வேடத்தில் நரம்பு செல்லுக்குள் நுழைந்து, ஒரு செல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் வேலையைக் குலைக்கிறது. வயிற்றுக்குள் போன காரீயத்தைக் குழந்தையின் குடல், பெரியவர் குடலைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை இன்னும் அதிகம் உறிஞ்சும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு தொய்ந்து விழுவதும் வயிற்று வலியும் வரும். குழந்தைக்கு முதலில் தெரிவது கவனக்குறைவும் படிப்பில் பின்தங்குவதும்தான். சோம்பேறி என்று அடி வாங்குவதும் அந்தக் குழந்தையே. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பது இங்கே ஆபத்தாகிறது. ரசத்துக்கு மணம் தரும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது காரீயம் அல்ல. விலை குறைய வேண்டிக் காரீயம் கலந்தால், புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இது பொருந்தும். பார்த்தோ தட்டியோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. சோதிக்காத சொம்பில் குழந்தைக்கு ரசம் வைக்க வேண்டாம்.

இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாதென்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு பல கதவுகளிலும் ஜன்னல்களிலும் இருக்கிறது. அதைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக் கூடாது. எலும்பில் பல்லாண்டு தங்கும் காரீயம் கர்ப்பகாலத்தில் இரத்தத்துக்குத் திரும்பிச் சிசுவையும் அடைகிறது.

பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகைகள் எல்லாவற்றிலும் கொடியவை. செனகல் நாட்டின் டக்கார் நகரையொட்டிய தியாரோய் பகுதியில், அப்படி உடைத்த பேட்டரிகளின் காரீயம் கலந்த மண்ணின் தூசியால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். தெருவில் அத்தகைய கொட்டகை இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவது அக்கம்பக்கத்தார் அனைவரின் பொறுப்பு. அங்கே வேலை செய்வோர் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

காரீயத்தை வெளியேற்றும் மருந்து உண்டு. 780 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது: இரத்தத்தில் அளவு குறைந்தது, அறிவுத்திறன் தேர்வில் மேம்பாடு இல்லை. ஆகவே சந்தேகமுள்ள வீடுகளில் குழந்தையின் இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பதும், அளவு கூடியிருந்தால் அது வரும் வழியைத் தேடி அன்றே அகற்றுவதும் வேண்டப்படுகிறது.