படிக்கலேன்னா மாடு மேய்க்கவா?

வங்கியில் இருந்தவரை எத்தனையோ கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பெரும்பாலும் பொறியியல்தான். வேளாண் படிப்புக்குன்னு விவசாயி வீட்டுப் பிள்ளைகூட வந்து கேட்டது அபூர்வம்.

பிள்ளைகள் ஆசைப்படுவது கண்ணில் படுவதைத்தான். எங்க மறைமலை நகரில் அது கார் தொழிற்சாலை பஸ்ஸும், சீருடை போட்ட மாமாவும். 2022-ல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியது. இப்ப கம்ப்யூட்டர் கம்பெனி.

போன மாசம் பக்கத்து வீட்டுப் பொண்ணு, ஒன்பதாவது படிக்குது, என் தட்டைப்பயறு வயலில் பொறிவண்டு அசுவினியைத் தின்பதை லென்ஸ் வச்சு அரைமணி நேரம் பார்த்தது. எத்தனை தின்னுதுன்னு எண்ணவும் ஆரம்பிச்சிடுச்சு. "இதுக்கெல்லாம் படிப்பு இருக்கா தாத்தா?" கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல்னு தனித் துறையே இருக்கும்மா என்றேன். அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

நம்மாழ்வார் ஐயாவே வேளாண் பட்டதாரி, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆனா நாம வீட்டில் என்ன சொல்றோம்? "படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே." சொல்லிட்டு, நிலத்தைப் பார்க்க வாரிசு இல்லைன்னு கூட்டத்தில் புலம்பறோம். நானும் என் மகனிடம் அதைச் சொன்னவன்தான்.

இந்த ஞாயிறு அந்தப் பொண்ணு தோழிகள் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வருதாம். இன்னும் ரெண்டு லென்ஸ் வாங்கணும்.