மாறும் நியமங்களும் மாறாத கடமையும்

"நியமங்கள் நாளுக்கு நாள் மாறுகின்றன, எதைத்தான் பின்பற்றுவது?" இணையப் பக்கங்களை ஆக்குவோரிடமிருந்து அடிக்கடி எழும் முறையீடு இது. மேலெழுந்தவாரியாகக் கேட்பவருக்கு இதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். வன்னி மண்ணில் நின்று நோக்குவோருக்கோ, இது கடமையிலிருந்து நழுவுவதற்கான சாட்டு என்பது தெளிவாகும்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற யுத்தம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கண்ணிழந்தோரையும் கையிழந்தோரையும் விட்டுச் சென்றது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. ஆயினும் இழந்த விரல்களை எந்த உடன்படிக்கையும் மீட்டுத் தருவதில்லை. விழிப்புலன் இழந்தவர், திரை வாசிப்பான் சொல்லும் குரலைக் கேட்டே கணினியை இயக்குகிறார். அம்புக்குறியைக் காண இயலாத அவருக்குச் சுட்டியால் ஆவதென்ன? விரல்களை இழந்தவருக்கும் சுட்டியைப் பிடித்து நகர்த்துவது பெரும்பாடு. இவர்களுக்கு விசைப்பலகையே வழி. டேப் விசையை அழுத்தி, இணைப்பு இணைப்பாக, பொத்தான் பொத்தானாக நகர்ந்து செல்வதே இவர்களது பயணம்.

இணையம் வெறும் பொழுதுபோக்காக இருந்த காலம் போய்விட்டது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், பெற்றோல் பெறுவதற்கான கியூஆர் குறியீட்டுக்கும் இணையத்திலேதான் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பரீட்சைப் பெறுபேறு, தொழில் விண்ணப்பம், உதவித்தொகை எனப் பலவும் அந்த வாசல் வழியாகவே வருகின்றன. விசைப்பலகைக்கு அந்த வாசல் திறக்கவில்லையாயின், அடையாள அட்டை இலக்கத்தையும் வருமான விபரத்தையும் கடவுச்சொல்லையும் கணினிக் கடையில் இருக்கும் அந்நியரிடம் ஒப்புவிப்பதைத் தவிர வேறு வழி என்ன? பிறர் கையை எதிர்பார்த்து வாழுமாறு ஒரு மனிதரை நிர்ப்பந்திப்பது அவருடைய மானத்தின் மீது கைவைப்பதாகும்.

நியமங்களின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1997ஆம் ஆண்டின் எச்ரிஎம்எல் 4, நகரும் ஒழுங்கை வகுக்கும் 'டேப்இன்டெக்ஸ்' என்பதையும், குறுக்குவழி விசை தரும் 'அக்சஸ்கீ' என்பதையும் அறிமுகம் செய்தது. பின்னையது உலாவியின் சொந்தக் கட்டளைகளோடும் திரை வாசிப்பானின் கட்டளைகளோடும் மோதியது. தமிழ்ப் பக்கமொன்றில் ஆங்கில முதலெழுத்தைக் குறுக்குவழியாக வைப்பது எவருக்கு நினைவூட்டும் என்ற கேள்வியும் உண்டு. அதற்கு மாற்று வழி வகுக்க முனைந்த எக்ஸ்எச்ரிஎம்எல் 2, முழுமை பெறாமலே 2009இல் கைவிடப்பட்டது. எச்ரிஎம்எல் 5 2014இல் நியமமாயிற்று. மாற்றம் நிகழ்ந்தது உண்மையே.

ஆனால் அணுகல் வழிகாட்டிகளைப் பாருங்கள். 1999இன் முதற் பதிப்பு, எந்தச் சாதனத்தாலும் இயக்கக்கூடியதாகப் பக்கம் அமையவேண்டும் என்றது. 2008இன் இரண்டாம் பதிப்பு, எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயலவேண்டும், உள்ளே சென்றவர் வெளியேற முடியாமல் சிக்குண்டு போகலாகாது என்பனவற்றை அடிப்படை நிலையிலேயே விதித்தது. 2018இலும் 2023இலும் வந்த திருத்தங்கள் இவற்றைத் தளர்த்தவில்லை. மேலும் சிலவற்றைச் சேர்த்தன. 2023இல் குறிமொழி இலக்கணச் சுத்தம் பற்றிய விதியொன்று நீக்கப்பட்டதே என்பர். பிழையான குறிமொழியையும் உலாவிகள் ஒரே வகையாகக் கையாளும் முறை எச்ரிஎம்எல் 5இல் வகுக்கப்பட்டமையால், அவ்விதியின் தேவை தீர்ந்தது. தேவை தீர்ந்த விதி போயிற்று. மக்களின் தேவை தீராத விதி நின்றது.

அப்படியாயின் குற்றம் எங்கே? பொத்தானுக்கென 'பட்டன்' என்னும் குறி இருக்க, பொருளற்ற 'டிவ்' பெட்டியொன்றுக்கு வர்ணம் தீட்டி அதையே பொத்தான் என்று காட்டும் பழக்கத்திலே இருக்கிறது. கண்ணுக்கு அது பொத்தான். டேப் விசைக்கோ அப்படியொன்று இல்லவே இல்லை. தொண்ணூறுகளின் எளிய இணைப்பு இன்றும் விசைக்குப் பணிகிறது. நேற்றைய அலங்காரப் பக்கமோ பணிய மறுக்கிறது. இது முன்னேற்றமா?

நமது மொழிக்கென இன்னுமொரு தடை உண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால், கணினியில் பதிவது ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவே. திரை வாசிப்பானும் அதையே ஒப்புவிக்கும். 1991இலேயே யுனிகோட்டில் இடம்பெற்றுவிட்ட தமிழை இன்னும் பாமினியில் அச்சிட்டு இணையத்தில் ஏற்றுவோர், பார்வையற்றவரின் தாய்மொழியைப் பறிக்கிறார்கள் என்போம்.

"வன்னியில் எவரிடம் விசைப்பலகை இருக்கிறது? கைத்தொலைபேசிதானே!" என்பது இன்னொரு வாதம். கைத்தொலைபேசியின் திரை வாசிப்பானும் அதே 'பட்டன்' குறியைத்தான் தேடுகிறது. செலவைக் காரணம் காட்டுவோருக்கும் விடை உண்டு: விழிப்புலனற்ற அவுஸ்திரேலியரான மைக்கல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரை வாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. சரியான குறியை இடுவதற்கோ ஒரு சதமும் செலவில்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பேசுகிறது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்கக் கோருகிறது. பொதுக் கட்டடத்துக்குச் சாய்தளம் வேண்டுமென்று கேட்கும் நாம், பொது இணையத்தளத்துக்கும் சாய்தளம் கேட்கவேண்டும். இது இரந்து பெறும் சலுகையன்று, உரிமை.

ஆசிரியர்களே, மாணவத் தோழர்களே! வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரிலும், பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் நாளைய பக்கங்களை ஆக்குவோர் உருவாகிறார்கள். முதற் பாடத்திலேயே சுட்டியைக் கழற்றி வையுங்கள். ஆக்கிய படிவத்தை விசைகளால் மட்டும் நிரப்பி அனுப்பிப் பாருங்கள். அனுப்ப முடியவில்லையெனில், அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை. அரச தளங்களையும் இவ்வாறே சோதித்து, கண்ட குறைகளை எழுத்தில் உரிய திணைக்களத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் அனுப்புங்கள். நியமங்கள் நாளையும் மாறலாம். எவரையும் வாசலில் நிறுத்தி வைக்கலாகாது என்னும் கடமை மாறாது.