ஜீபே இருக்கட்டும், வீட்டில் கொஞ்சம் சிறுவாடும் இருக்கட்டும்!

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டே நாள். கடைகளில் கூட்டம் இருக்கும் நேரத்தில் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. ஜீபே, போன்பே, பேடிஎம் என்று எதில் ஸ்கேன் பண்ணினாலும் பலருக்குப் பணம் போகவில்லை. சரியாகப் பல மணி நேரம் ஆனது. அதற்கு முன்பு மார்ச் 26, ஏப்ரல் 2 தேதிகளிலும் இதே கதைதான். மூன்று வாரத்துக்குள் மூன்று முறை!

பெருநகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அடுத்த தெருவில் ஏடிஎம் இருக்கும், பையில் இன்னொரு கார்டு இருக்கும். ஆனால் தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், அதே சில மணி நேரம் வேறு மாதிரி கணக்காகும். அதனால்தான் சொல்கிறேன்: மூன்று நாள் செலவுக்கான ரொக்கம் வீட்டில் இருப்பது பழைய பஞ்சாங்கத்தனம் இல்லை. அது ஒரு மலிவான காப்பீடு.

பள்ளத்தாக்கில் என்ன வித்தியாசம்?

கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கமிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். மலைப்பாதையில் சிக்னல் வரும், போகும். அங்கே போன் மட்டும் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டால், திரும்பி வர ஜீப்காரரிடம் கடன் சொல்ல வேண்டியதுதான்.

இன்னொன்று மருத்துவம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது க.விலக்கில். கம்பத்தில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர். 108 வர நேரமாகும் என்று தெரிந்து, நள்ளிரவில் வாடகை கார் பிடிக்க வேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் வரலாம். அந்த நேரத்தில் ‘சர்வர் டவுன்’ என்று வந்தால்?

வீரபாண்டி சித்திரைத் திருவிழா மாதிரி கூட்டம் கூடும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டவரில் அத்தனை போன்கள். யுபிஐ நன்றாக இருந்தாலும் நெட் நகராது.

எங்கே அறுகிறது இந்தச் சங்கிலி?

நீங்கள் டீக்கடையில் 15 ரூபாய் அனுப்புவது நேரடியாக அவர் கணக்குக்குப் போவதில்லை. உங்கள் போன் சிக்னல், செயலி, அந்தச் செயலிக்குத் துணை நிற்கும் வங்கி, நடுவில் என்பிசிஐ, பிறகு உங்கள் வங்கி, அவருடைய வங்கி. இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் பணம் நகராது. 2025 ஆகஸ்ட்டில் மட்டும் யுபிஐயில் நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. ஏப்ரல் 12 அன்று சிக்கல் வந்ததற்குக் காரணம் ஹேக்கர்கள் இல்லை. ‘அந்தப் பணம் போனதா, இல்லையா?’ என்ற விசாரிப்புகள் சில வங்கிகளிடமிருந்து அளவுக்கு மீறிக் குவிந்ததுதான் என்று என்பிசிஐயின் ஆய்வில் தெரிந்தது. ஒரு செயலியில் நாளுக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்கலாம் என்று 2025 ஆகஸ்ட்டில் கட்டுப்பாடு வந்ததும் இந்தச் சுமையைக் குறைக்கத்தான்.

முடங்குவதிலும் மூன்று ரகம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

சில மணி நேரம்: மேலே சொன்ன யுபிஐ கோளாறுகள். பர்ஸில் சில நூறு ரூபாய் இருந்தால் போதும்.

ஓரிரு நாள்: 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை தரும் நிறுவனம் அது. பாதிப்பு பரவாமல் இருக்க என்பிசிஐ அதன் இணைப்பைத் துண்டித்தது. நாடு முழுக்க சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப் பரிவர்த்தனை சேவைகள் பாதிக்கப்பட்டன. மறுநாள் இணைப்பு திரும்பியது. சிறிய வங்கியில் யார் கணக்கு வைத்திருப்பார்கள்? பெரும்பாலும் விவசாயிகள், சிறு வியாபாரிகள், சுய உதவிக் குழுப் பெண்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் கரன்ட்டும் நெட்வொர்க்கும் நாள்கணக்கில் இல்லாமல் போனதும் இந்த ரகம்தான். இதற்கு வீட்டில் ரொக்கம் வேண்டும்.

வாரக்கணக்கு: 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி யெஸ் வங்கிக்கு மத்திய அரசு தடை விதித்தது. 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 18-ஆம் தேதிதான் தடை நீங்கியது. அந்த வங்கியைத் துணையாக வைத்திருந்த போன்பேயும் அப்போது முடங்கியது. யெஸ் வங்கியில் கணக்கே இல்லாதவர்களும் தவித்தார்கள். இதற்கு ரொக்கம் மட்டும் போதாது. வேறொரு வங்கியில் இரண்டாவது கணக்கு, முடிந்தால் வேறொரு செயலி வேண்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘யுபிஐ லைட்’ இருக்கே, போதாதா?

உதவும். 5,000 ரூபாய் வரை அதில் ஏற்றி வைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 வரை செலுத்தலாம். உங்கள் வங்கியின் சர்வர் படுத்தாலும் அது பெரும்பாலும் ஓடும். ஆனால் நெட்டே இல்லை என்றால் கஷ்டம். *99# நெட் இல்லாமல் வேலை செய்யும். ஆனால் வங்கி சர்வர் விழித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து படுத்தால் நோட்டுதான்.

எவ்வளவு வைப்பது?

நெதர்லாந்தின் மத்திய வங்கி 2025 மே மாதம் தன் மக்களுக்கு ஒரு கணக்கு சொன்னது: பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ, 72 மணி நேரத்துக்கு. ஸ்பெயினும் போர்ச்சுகலும் கரன்ட் இல்லாமல் ஸ்தம்பித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. டிஜிட்டலில் நமக்கு முன்பே ஊறிப்போன நாடுகளே இப்படி யோசிக்கின்றன.

நம்ம ஊருக்கு இப்படிப் போடலாம்: மூன்று நாள் பால், காய்கறி, மளிகை, மாத்திரை. அதோடு ஒரு தடவை தேனிக்கு வாடகை கார். ஊர் கார் ஸ்டாண்டில் இப்போதே விலை கேட்டு வையுங்கள். பல குடும்பங்களுக்கு 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் அடங்கும். முடியாதவர்கள் 1,000-இல் தொடங்கலாம்.

எல்லாம் 500 ரூபாய் நோட்டாக வைத்தால் பிரயோஜனம் இல்லை. யுபிஐ படுத்த நாளில் கடைக்காரரிடமும் சில்லறை இருக்காது. 5,000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்:

- 500 ரூபாய் நோட்டு 4
- 200 ரூபாய் நோட்டு 5
- 100 ரூபாய் நோட்டு 15
- 50 ரூபாய் நோட்டு 6
- 20 ரூபாய் நோட்டு 5
- 10 ரூபாய் நோட்டும் நாணயமுமாக 10

‘சும்மா கிடக்கும் பணம் நஷ்டம்தானே?’

நியாயமான கேள்வி. சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீத வட்டி என்று வைத்தால், 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 250 ரூபாய் போகும். மாதம் 21 ரூபாய். ஒரு ரீசார்ஜைவிட மிகக் குறைவு.

அதைவிடக் கனமான கேள்வி வேறொன்று: நோட்டு மட்டும் கைவிடாதா? கைவிட்டிருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் காகிதமானது. கேரளத் தோட்டங்களில் கூலி கொடுக்க நோட்டு இல்லாத நிலை வந்தது. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுக் காசு வெளியே வந்து வரிசையில் நின்றது. அதன் பாடம், ரொக்கம் வேண்டாம் என்பதில்லை. எதிலும் மொத்தமாகச் சாயக் கூடாது என்பதுதான். ஆகவே லட்சக்கணக்கில் பதுக்க வேண்டாம். திருட்டு, தீ, வீட்டுச் சண்டை எல்லாம் அதோடு வரும். சிறிய தொகை, பூட்டிய இடம், வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவழித்துப் புதிதாக வையுங்கள்.

பணம் போய், அவருக்குச் சேரவில்லையா?

பதறி மறுபடி அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ‘ரீஃபண்ட் தர்றோம், பின் நம்பர் போடுங்க’ என்று யாராவது அழைத்தால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு

சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்துகொண்டு, ‘அம்மாவுக்கு மாசாமாசம் ஜீபே பண்ணிடறேன்’ என்று நிம்மதியாக இருக்கிறோம். அம்மா அதைச் செலவழிக்க போன், நெட், சர்வர் மூன்றும் ஒரே நேரத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சில்லறையாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். மருந்துக் கடை, கார்காரர் எண்களை அந்தக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள்.

வங்கிகளுக்கும் பங்கு இருக்கிறது. 2025 செப்டம்பருக்குள் 75 சதவீத ஏடிஎம்களிலும், 2026 மார்ச்சுக்குள் 90 சதவீத ஏடிஎம்களிலும் 100 அல்லது 200 ரூபாய் நோட்டு கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தச் சதவீதத்தில் கூடலூர் ஏடிஎம்மும் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. ‘கேஷ் வேண்டாம், ஸ்கேன் பண்ணுங்க’ என்று சொல்லும் கடைகளும் கொஞ்சம் யோசிக்கலாம். கூலியை நோட்டாக வாங்கி வரும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வார்த்தை கதவை மூடுவது மாதிரி. யுபிஐ நமக்குக் கிடைத்த நல்ல வசதிதான். அது படுக்கும் நாளில் முதலில் அடி வாங்குவது கையில் மாற்று எதுவும் இல்லாதவர்கள். அந்த மாற்றுக்குச் செலவு மாதம் 21 ரூபாய்தான்.